வீடு பார்த்தாயிற்று, டொக்டரைப் பார்த்தீர்களா?

ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருபது, முப்பது வருடம் வாழ்ந்துவிட்டு வெள்ளவத்தையில் வந்து குடியேறுகிறவர்களுக்கு ஆரம்பத்தில் ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. அங்கே இதய நிபுணரைப் பார்ப்பதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள், இங்கே தொலைபேசியில் நம்பர் எடுத்தால் அன்று மாலையே, மிஞ்சிப்போனால் அந்த வாரத்துக்குள், நிபுணரின் முன்னால் உட்கார்ந்துவிடலாம். யாருடைய கடிதமும் தேவையில்லை. சனல் பண்ணக் காசு இருந்தால் போதும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. முழங்கால் நோவுக்கு ஒருவர், பிரஷருக்கு ஒருவர், சீனி வருத்தத்துக்கு ஒருவர் என்று மூன்று நிபுணர்களிடமிருந்து மூன்று மருந்துத் துண்டுகள் வந்து சேரும். முழங்காலுக்குக் கொடுத்த டைக்ளோபெனக் பிரஷரை ஏற்றக்கூடியது. நாட்பட எடுத்தால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரஷர் ஏறியதைக் கண்ட இதய நிபுணர் தன்னுடைய குளிசையின் அளவைக் கூட்டுவார். மூன்று துண்டுகளையும் ஒரே மேசையில் பரப்பி வைத்து, "இதை நிற்பாட்டுங்கோ, அது ஒண்டே காணும்" என்று சொல்ல ஆளில்லை. கொழும்பில் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. அந்த ஒருவரைத்தான் தேடிப் பிடிக்கவேண்டும்.

நோர்வேயில் 2001 ஜூன் 1 முதல் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த ஒரு குடும்ப வைத்தியர் இருக்க உரிமை உண்டு. பிடிக்காவிட்டால் வருடத்துக்கு இரண்டு தடவை மாற்றிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் வதிவிடச் சான்றோ விசாவோ காட்டாமலேயே குடும்ப வைத்தியரிடம் பதியலாம். ஒன்ராறியோவில் குடும்ப வைத்தியர் இல்லாமல் இலட்சக்கணக்கானோர் இருந்தாலும், பெயர் கொடுத்துக் காத்திருக்க ஓர் அரச ஏற்பாடாவது இருக்கிறது. இலங்கையில் அரசாங்க வைத்தியம் இலவசம். ஆனால் 'இவர்தான் உங்கள் டொக்டர்' என்று யாரும் ஒதுக்கித் தருவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்தோ ஹற்றனிலிருந்தோ கொட்டாஞ்சேனைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் இது ஒரே நிலைமைதான்.

அப்படி ஒருவர் கட்டாயம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு அதே நோர்வேயில் பதில் இருக்கிறது. சுமார் 45 இலட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வொன்று 2022 இல் அச்சில் வெளிவந்தது. ஒரே குடும்ப வைத்தியரிடம் 15 வருடங்களுக்கு மேல் போய்வந்தவர்கள், வைத்தியரிடம் சேர்ந்து ஒரு வருடமே ஆனவர்களைவிடத் திடீரென ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுவது சுமார் 30 வீதம் குறைவு. மரண வீதம் 25 வீதம் குறைவு. ஒருவரை ஒருவர் நெடுங்காலம் அறிந்திருப்பதற்கு இவ்வளவு பெறுமதி.

யாரிடம் விசாரிப்பது

"நல்ல டொக்டர் ஆர்?" என்று பொதுவாகக் கேட்டால் கைராசிக்காரர் ஒருவரின் பெயர்தான் வரும். கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும். போன முறை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது யாரிடம் போனீர்கள்? எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? தன்னால் முடியாது என்று கண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறாரா? நடக்க முடியாதவர்களை வீட்டுக்கு வந்து பார்ப்பாரா? அடுக்குமாடியின் பக்கத்து வீட்டிலும், கோயிலிலும், தேவாலயத்திலும், பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலிலும் இப்படிக் கேட்டால் இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். தெருமுனைப் பாமசிக்காரரையும் விடக்கூடாது. அந்தப் பகுதி டொக்டர்கள் எழுதும் துண்டுகளை நாள்தோறும் வாசிக்கிறவர் அவர்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலும் அதன் ஒழுங்கைகளிலும் தமிழ் பேசும் வைத்தியர்களைத் தேடி அலையவேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். கொலன்னாவையில், வெல்லம்பிட்டியில் இருப்பவர்களுக்குத்தான் தயக்கம் வரும்: பக்கத்தில் உள்ள சிங்கள டொக்டரா, பஸ் ஏறிப் போகவேண்டிய தமிழ் டொக்டரா? காய்ச்சலோடு அரை மணித்தியாலத்துக்குமேல் பயணம் செய்யவேண்டிய இடத்தில் குடும்ப வைத்தியரை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. ஆனால் வீட்டில் தமிழ் மட்டும் பேசும் வயதானவர் இருந்தால் மொழிக்கே முதலிடம் கொடுங்கள். நெஞ்சுக்குள் 'எரிகிறதா', 'இறுக்கிப் பிடிக்கிறதா' என்பதை இன்னொருவர் வாயால் சொல்லி வைத்தியம் பார்ப்பது ஆபத்து.

கையில் காசு குறைந்தவர்களும் ஒரே இடத்தில் நிலைத்துப் பார்க்க வழி இருக்கிறது. கொழும்பு மாநகர சபை தன் எல்லைக்குள் இலவச டிஸ்பென்சரிகளை நடத்துகிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கிளினிக் கொப்பியோடு மாதாந்தம் போய்வரலாம். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சீனியையும் பிரஷரையும் இலவசமாகப் பரிசோதிக்கும் நிலையங்களை ஆரம்ப சுகாதார நிலையங்களோடு சேர்த்துச் சுகாதார அமைச்சு நடத்துகிறது. எங்கே, எந்த நாளில் என்று உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

பெயர்ப்பலகையை வாசிப்பது

பெயர் கிடைத்ததும் முதல் வேலை, அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பார்ப்பது. சபையின் இணையத்தளத்தில் பெயரையோ பதிவு இலக்கத்தையோ கொடுத்துத் தேடலாம். இலக்கம் பெரும்பாலும் டொக்டரின் ரப்பர் முத்திரையில் இருக்கும். இதைப் பார்ப்பது மரியாதைக் குறைவு அல்ல. பதிவில்லாமல் வைத்தியம் பார்க்கிறவர்கள் பிடிபட்ட செய்திகள் நாட்டில் புதிதல்ல. தனியார் டிஸ்பென்சரிகளும் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும்.

பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளில் கவனம் தேவை. இலங்கையில் படித்தவர்களுக்கு எம்.பி.பி.எஸ். அடிப்படைப் பட்டம், எம்.டி. என்பது பட்டப்பின் படிப்பு. ரஷ்யா போன்ற நாடுகளில் படித்து வந்தவர்களுக்கோ எம்.டி. என்பதே அடிப்படைப் பட்டம். அவர்களும் இங்கே மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைந்துதான் பதிவு பெறுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு எம்.டி.யும் ஒன்றல்ல என்பது தெரிந்திருக்கவேண்டும். குடும்ப வைத்தியத்தில் தனிப் பயிற்சி பெற்றவரா என்று அறிய டி.எஃப்.எம்., எம்.சி.ஜி.பி. ஆகியவற்றைப் பாருங்கள். முதலாவது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் தரும் டிப்ளோமா. இரண்டாவது 1974 இல் தொடங்கிய இலங்கைப் பொது வைத்தியர்கள் கல்லூரியின் தகைமை. இவை இல்லாத அருமையான டொக்டர்களும் உண்டு. இருந்தால் ஒரு மேலதிக நம்பிக்கை.

பலர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: இவர் முழுநேரம் இங்கேதானா? மாலையில் டிஸ்பென்சரிகளில் இருப்பவர்களில் பலர் அரசாங்க ஆஸ்பத்திரி வேலை முடித்து வருகிறவர்கள். இடமாற்றம் வந்தால் போய்விடுவார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போன வைத்தியர்களும் ஏராளம். எட்டு, பத்து வருடமாக அதே அறையில் இருப்பவரைத் தேடுங்கள்.

சுகமாக இருக்கும்போதே முதல் தடவை

வருத்தம் வருமுன் போகவேண்டும். பிரஷர் பார்க்கவேண்டும் என்று சொல்லி, கூட்டம் குறைந்த நேரத்தில் போய் உட்காருங்கள். பழைய வருத்தங்களை, ஒவ்வாத மருந்துகளை, அம்மா அப்பாவுக்கு இருந்த நோய்களை அவராகவே கேட்கிறாரா? தொட்டுப் பரிசோதிக்கிறாரா? சளிக்கும் தடிமனுக்கும் உடனே அன்ரிபயோட்டிக் எழுதுகிறாரா? ஊசி போடச் சொல்லி நீங்கள் வற்புறுத்தினால் ஏன் தேவையில்லை என்று விளக்குகிறாரா? இவற்றை அந்தப் பத்து நிமிடத்திலேயே கண்டுகொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே பழைய பதிவுகளைக் கொண்டுபோகவேண்டும். அதில் இரண்டு பொறிகள் உண்டு. கனடாவில் தைலனோல் என்று வாங்கும் குளிசையின் பெட்டியில் அசெற்றமினோஃபென் என்று இருக்கும். அதுதான் இங்கே பனடோலாக விற்கும் பரசிற்றமோல். இரண்டையும் வேறுவேறென்று நினைத்துச் சேர்த்து விழுங்கினால் ஈரல் பாதிக்கப்படும். ஆகவே பட்டியலில் கொம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரை எழுதுங்கள். அடுத்தது அலகு. கனடாவிலும் இங்கிலாந்திலும் இரத்தச் சீனியை லீற்றருக்கு மில்லிமோலில் தருகிறார்கள். இங்கே டெசிலீற்றருக்கு மில்லிகிராமில். அங்குள்ள எண்ணை 18 ஆல் பெருக்கவேண்டும்: அங்கே 7 என்றால் இங்கே 126. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் இங்கிலாந்தில் 48 என்பது இங்கே 6.5 வீதம்.

பிள்ளைகளோடு வந்தவர்களுக்குத் தடுப்பூசி அட்டை முக்கியம். இலங்கையில் பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி., ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு எதிரான ஊசி, 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. கனடாவிலோ இங்கிலாந்திலோ பிறந்த பிள்ளைகளுக்கு முதல் இரண்டும் வழக்கமாகப் போடப்படுவதில்லை. எது விடுபட்டது என்று குடும்ப வைத்தியரிடம் பார்த்துவிட்டு சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போங்கள்.

காய்ச்சல்தான் பரீட்சை

கொழும்பில் ஒரு குடும்ப வைத்தியர் எப்படிப்பட்டவர் என்பதைக் காய்ச்சல் காட்டிவிடும். 2017 இல் மட்டும் நாட்டில் 1,86,000 க்கும் அதிகமானோருக்கு டெங்கு என்று பதிவானது. காய்ச்சலோடு வருகிறவருக்கு நல்ல டொக்டர் பரசிற்றமோல் மட்டும் தருவார். புரூபன், டைக்ளோபெனக் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வார். இரண்டாம், மூன்றாம் நாளில் முழு இரத்தப் பரிசோதனை எடுத்துவரச் சொல்வார். எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை தரம் சிறுநீர் போனது என்று கேட்பார். காய்ச்சல் விட்டதும் ஆபத்து நீங்கியது என்று நினைக்கவேண்டாம், டெங்கு மோசமாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் என்று எச்சரிப்பார். வயிற்று நோ, விடாத வாந்தி, சோர்ந்து கிடத்தல், கை கால் குளிர்தல், இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித்தான் அனுப்புவார். இதில் ஒன்றுமே சொல்லாமல் மூன்று நாளைக்கு மருந்து கட்டித் தருபவரிடம் நிலைக்கவேண்டாம்.

கொலன்னாவைக்காரர்களுக்கு இன்னொரு கேள்வியும் வரவேண்டும். 2016 மே மாதத்தைப் போல களனி கங்கை பெருகினால் நாட்கணக்கில் வெள்ளம் நிற்கும் பகுதி அது. "வெள்ளத்துக்குள்ள கால் வச்சனீங்களா?" என்று டொக்டர் கேட்டால் அவருக்கு உங்கள் தெருவும் தெரியும், எலிக்காய்ச்சலும் தெரியும் என்று அர்த்தம்.

மருந்துக் கவர்

நம் டிஸ்பென்சரிகளில் டொக்டர் காசோடு மருந்தும் சேர்ந்தே வருவது பெரிய வசதி. யன்னலுக்குப் பின்னால் இருப்பவர் குளிசைகளை எண்ணிச் சின்னக் கவர்களில் போட்டு, 'காலை 1, இரவு 1, சாப்பிட்ட பின்' என்று எழுதித் தருவார். மருந்தின் பெயர் பல நேரம் அதில் இருக்காது. நடு இரவில் உடம்பெல்லாம் தடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், என்ன மருந்து எடுத்தீர்கள் என்ற கேள்விக்கு வெள்ளைக் குளிசை, மஞ்சள் குளிசை என்றுதான் சொல்லமுடியும். ஆகவே ஒவ்வொரு கவரிலும் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பொதுப் பெயர் இருந்தால் அரசாங்கத்தின் ஒசுசல உட்பட எந்தப் பாமசியிலும் விலை விசாரித்து வாங்கலாம். பெயர் எழுத மறுப்பவரிடம் தொடர்ந்து போவதற்கு நியாயம் இல்லை.

பல டிஸ்பென்சரிகளில் நோயாளிகளின் பதிவு வைப்பதில்லை. ஆளுக்கொரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஒவ்வாமை, நிரந்தர மருந்துகள், இரத்த வகை. பிறகு ஒவ்வொரு தடவையும் டொக்டரையே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். நிபுணரிடம் போகவேண்டி வந்தாலும் முதலில் இவரிடம் கடிதம் வாங்கி, பார்த்து வந்ததும் அந்தத் துண்டைத் திரும்ப இவரிடமே காட்டுங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வெள்ளவத்தை மாடிவீட்டில் தனியே இருக்கும் தாய் தகப்பனுக்கு இது இரட்டிப்பு அவசியம். பெற்றோரின் சம்மதத்தோடு, மகளிடமோ மகனிடமோ தொலைபேசியில் விளக்கம் சொல்ல டொக்டர் தயாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தனிமையில் நித்திரை கெட்டு, சாப்பாடு குறைந்து போவதையும் அவரிடம் சொல்லவேண்டும். அதற்கென்றே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கமும் இருக்கிறது.

நெஞ்சை இறுக்கும் நோ, திடீரென வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் இயங்காமை, மூச்சு முட்டல் என்றால் குடும்ப வைத்தியரிடம் வரிசையில் நிற்கவேண்டாம். 1990 க்கு அழையுங்கள்; அம்புலன்ஸ் இலவசம். மற்ற எல்லாவற்றுக்கும் ஒருவர் வேண்டும். புதுவீட்டுப் பெட்டிகளைப் பிரித்து முடிக்க முன்னரே, பிரஷர் பார்க்கிற சாட்டிலாவது இந்த வாரம் தெருவில் உள்ள ஒரு டிஸ்பென்சரிக்குப் போய்வாருங்கள்.