ஒளி தேடும் உள்ளம்

நுழையும்முன்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். பொழுது மாறினால் உள்ளமும் மாறும் என்பதை அறிந்தே நம் முன்னோர் திணைதோறும் பெரும்பொழுதையும் உரிப்பொருளையும் இணைத்தனர். குளிர்காலத்தில் உள்ளம் வாடுவது ஏன்? அதனைப் பேணும் வழி யாது? வடபுலத்து ஊர் ஒன்றின் வரலாற்றோடு இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

கதிரவன் காணா ஊர்

நார்வே நாட்டின் தென்பகுதியில், உயர்ந்த மலைகளுக்கு இடையே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது ரியூக்கான் என்னும் ஊர். அங்குள்ள அருவியின் ஆற்றலைக் கொண்டு மின்சாரமும் உரமும் ஆக்குவதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர் உருவானது. தொழிலாளர் குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது; வீடும் கிடைத்தது; வெயில் மட்டும் கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் அங்கே கதிரவன் தாழ்வாகவே செல்கிறான். ஆதலால், செப்டம்பர் இறுதி முதல் மார்ச்சு வரை மலைகள் அவனை மறைத்துவிடுகின்றன.

மலைமேல் ஆடிகளை நிறுவி ஒளியை ஊருக்குள் திருப்பலாம் என்னும் எண்ணம் 1913ஆம் ஆண்டிலேயே எழுந்தது. அதற்கேற்ற தொழில்நுட்பம் அன்று இல்லை. எனவே, மக்கள் மலைமேல் சென்று வெயில் காய்வதற்காக 1928இல் கம்பிவட ஊர்தி அமைக்கப்பட்டது. பின்னர், கலைஞர் ஒருவரின் முயற்சியால் பழைய எண்ணம் உயிர்பெற்றது. செலவு வீண் என்று எதிர்த்தோரும் இருந்தனர். ஆயினும், 2013இல் மூன்று பேராடிகள் நிறுவப்பட்டன. கதிரவனின் போக்கிற்கேற்பக் கணினியால் திரும்பும் அவை, ஊர்ச்சதுக்கத்தில் ஏறத்தாழ 600 சதுர மீட்டர் பரப்பில் ஒளியைப் பாய்ச்சுகின்றன. ஊரார் அங்கே கூடி வெயிலில் முகம் காட்டி நின்றனர்.

ஒளியும் உடலும்

தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த மருத்துவர் நார்மன் ரோசன்தால், அங்குக் குளிர்காலந்தோறும் தம் ஊக்கம் குன்றுவதை உணர்ந்தார். 1984இல் அவரும் அவர்தம் குழுவினரும் பருவகால மனச்சோர்வை ஒரு நோய்நிலையாக விளக்கினர். மிகுதியான உறக்கம், மாவுப்பொருள் உணவில் நாட்டம், பிறரிடமிருந்து விலகல், எதிலும் ஆர்வமின்மை ஆகியன அதன் அறிகுறிகள்.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இயங்குகிறது. கண்வழிப் புகும் காலை ஒளியே அதனை நாள்தோறும் சரிசெய்கிறது. இருளில் சுரக்கும் மெலடோனின் உறக்கத்திற்குத் துணைசெய்கிறது. விடியல் தாமதமாகும்போது இவ்வொழுங்கு பிறழக்கூடும். ஆகவே, இச்சோர்வு மனவலிமையின் குறைவன்று, சோம்பலும் அன்று.

பேணும் வழிகள்

காலை வெளிச்சத்தில் நடத்தல், உடற்பயிற்சி, ஒழுங்கான உறக்கம், நண்பர்களோடு அளவளாவுதல் ஆகியன உள்ளத்தைக் காக்கும். வட நாடுகளில் மருத்துவர் அறிவுரைப்படி 10,000 லக்ஸ் செறிவுள்ள விளக்கின் முன் காலையில் அரைமணி நேரம் அமர்வதும் உண்டு. சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்து அன்றாடப் பணிகளைத் தடுத்தால் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

தமிழகத்தில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்கு மிகாது. எனினும், விடியுமுன் தனிப்பயிற்சி, பகலெல்லாம் வகுப்பறை, இரவெல்லாம் விளக்கொளி என்று வாழும் மாணவர், வெயில் நிறைந்த நாட்டிலும் வெயில் காணாதவர் ஆகின்றனர். இடைவேளையில் மரத்தடிக்கு வருவதும் விளையாட்டு வேளையை விட்டுக்கொடுக்காதிருப்பதும் படிப்பிற்கு இடையூறல்ல; துணையே.

உள்ளநலம் தனியொருவர் பொறுப்பு மட்டுமன்று. ஓர் ஊரே கூடித் தன் மக்களுக்கு வெயிலைக் கொணர்ந்தது. உடன் பயிலும் ஒருவர் பேச்சைக் குறைத்து ஒதுங்கினால், அவரைப் பழிக்காது அருகில் அமர்ந்து கேட்பது நம்மால் இயலும். கட்டணமற்ற 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும் என்பதையும் அவரிடம் கூறலாம்.

கற்பவை கற்றபின்

1. ஒரு வாரம் நீங்கள் வெளிச்சத்தில் செலவிட்ட நேரத்தையும் அன்றைய மனநிலையையும் அட்டவணைப்படுத்துக.
2. 'உள்ளநலம் காத்தல் ஊரின் கடமை' என்னும் தலைப்பில் வகுப்பறையில் உரையாடுக.