பல் போன இடத்தில் நடப்பது என்ன?

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி பல மாதங்கள் பல் வலியோடு பள்ளிக்கு வந்தாள். மேல் கடைவாய்ப் பல்லில் சொத்தை. "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும், குழியும் மூடாது" என்று அடி அண்ணாமலையில் வாழும் அவள் பாட்டி அஞ்சினார். இந்த அச்சம் சரிதானா என்று அறிய முற்பட்டோம். கற்றதை இங்கே தருகிறோம்.

முதலில் கண். பார்வையை மூளைக்குக் கொண்டு செல்வது பார்வை நரம்பு. மேல் பற்களின் உணர்ச்சிக்கு உரியது வேறு நரம்பு. ஆகவே பல்லைப் பிடுங்குவதால் பார்வை கெடாது.

அடுத்துக் குழி. மரத்தை வேரோடு பிடுங்கிய குழியை மழைநீர் கொண்டுவரும் மண் நிரப்பும். பல்லின் குழியோ உள்ளிருந்தே நிரம்புகிறது. குழியில் ஊறும் இரத்தம் சில நிமிடங்களில் உறையத் தொடங்கும். இந்த இரத்தக் கட்டியே புண்ணுக்கு மூடி. கொத்தனார் கட்டும் சாரம் போல், புதிய வளர்ச்சிக்குத் துணையும் அதுவே. ஒரு வாரத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதனுள் புகுகின்றன. அடுத்த சில வாரங்களில் குழியின் அடியிலும் சுவரிலும் இளம் எலும்பு தோன்றுகிறது. மேலே ஈறு மூடிக்கொள்கிறது. மூன்று நான்கு மாதங்களில் குழி பெரும்பாலும் எலும்பால் நிரம்பிவிடும்.

இரத்தக் கட்டி கலைந்துவிட்டால் எலும்பு வெளியே தெரியும். இரண்டு மூன்று நாள்களில் கடும் வலி எழும். எனவே மருத்துவர் வைத்த பஞ்சை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். முதல் நாள் வாய் கொப்பளிப்பதும், காறித் துப்புவதும், உறிஞ்சிக் குடிப்பதும் கூடாது. புகையிலை அறவே ஆகாது. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெல்லக் கொப்பளிக்கலாம்.

எனினும் ஓர் உண்மையை மறக்கலாகாது. குழி நிரம்பினாலும் தாடை பழைய வடிவைப் பெறுவதில்லை. மெல்லும் வேலை இல்லாத எலும்பு தேய்கிறது. ஓராண்டுக்குள் அவ்விடத்தின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறையக்கூடும். பல் இழந்த முதியோரின் கன்னம் ஒட்டுவதும், பல் செட்டு நாளடைவில் தளர்வதும் இதனால்தான். சுவீடன் நாட்டு அறிஞர் பிரோனமார்க், டைட்டானியம் என்னும் உலோகம் எலும்போடு ஒன்றிவிடுவதை 1952-இல் முயல்களிடம் கண்டார். 1965-இல் மனிதரின் தாடையில் அவ்வுலோக வேர்களைப் பதித்தார். இன்று இம்முறை நம் நாட்டிலும் உண்டு. ஆனால் செலவு மிகுதி.

எங்கள் தோழி இறுதியில் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். மறுநாளே பாட்டி அவளிடம் ஊசியைக் கொடுத்து நூல் கோக்கச் சொன்னாராம். ஒரே முயற்சியில் கோத்துவிட்டாள்! இப்போது குழியும் மூடிவிட்டது. ஆனால், "தொடக்கத்திலேயே வந்திருந்தால் அடைத்தே காப்பாற்றியிருக்கலாம்" என்றார் மருத்துவர். பிடுங்குவது மட்டுமா பல் மருத்துவம்? 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தோன்றி, இன்று தனித்து விளங்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் பல்லைக் காக்கும் முறைகளையும் கற்பிக்கிறார்கள்.

பெற்றோரே, தோழியரே! நம் தோழி பல்லை இழந்தது சொத்தையால் மட்டும் அன்று, வீண் அச்சத்தாலும்தான். சொத்தை சிறிதாக இருக்கும்போதே மருத்துவரிடம் செல்வோம். இரவில் பல் துலக்கிய பின்பே உறங்குவோம்.