ரெஜிஸ்ட்ரியில் தேடும் ஏஜென்டுக்கு எப்படி எழுதி வைப்பது?

கொல்கத்தா சால்ட் லேக், செக்டார் ஃபைவில் ஒரு மென்பொருள் குழு என்று வைத்துக்கொள்வோம். "கொல்கத்தாவில் ஓடுகிற பில்லிங் சேவையின் கடைசி கன்டெய்னர் இமேஜ் எது?" என்று ஏஐ ஏஜென்டிடம் கேட்கிறார்கள். அமேசானுக்குக் கொல்கத்தாவில் ஒரு லோக்கல் ஸோன் உண்டு. அதன் பெயரில் 'சிசியு' என்ற விமான நிலையக் குறியும் உண்டு. ஏஜென்ட் அந்தக் குறியைச் செருகி ஒரு ரெஜிஸ்ட்ரி முகவரியைத் தானே கட்டிக்கொண்டு தேடப் போனால் ஆச்சரியமில்லை. ஆனால் அப்படி ஒரு முகவரியே கிடையாது. கொல்கத்தா ஸோன் மும்பை ரீஜியனைச் சேர்ந்தது. சர்வர் கொல்கத்தாவில் ஓடினாலும் இமேஜை மும்பையில் இருக்கும் இசிஆரில்தான், அதாவது அமேசானின் கன்டெய்னர் ரெஜிஸ்ட்ரியில்தான் தேட வேண்டும். குழுவில் இருப்பவர்களுக்கு இது பழக்கத்தில் தெரியும். ஏஜென்டுக்கு யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

எழுதி வைக்க இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, தனியாக டூல் எதுவும் கட்டாமல் கமாண்ட் லைனையே ஏஜென்டிடம் கொடுத்துவிடுவது. கூடவே, கோட் இருக்கும் இடத்தில் ஏஜென்டுகளுக்கென்று ஒரு குறிப்புக் கோப்பு: ரெஜிஸ்ட்ரி எந்த ரீஜியனில், ரெப்பாசிட்டரிகளுக்குப் பெயர் எப்படி வைக்கிறோம், எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும். அரை நாள் வேலை. சிக்கல் என்னவென்றால், மாடல் தான் படித்த பழைய பாடத்தையும் கூடவே கொண்டுவரும். கூகுளின் பழைய கன்டெய்னர் ரெஜிஸ்ட்ரி 2025 மார்ச் 18-ல் மூடப்பட்டது. இப்போது இருப்பது ஆர்ட்டிஃபாக்ட் ரெஜிஸ்ட்ரி. ஆனால் இணையத்தில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் எடுத்துக்காட்டுகளில் பழைய முகவரிதான் இருக்கிறது. "பழையதைப் பயன்படுத்தாதே" என்று சொன்னால் மட்டும் போதாது. புதிய முகவரியை முழுசாக எழுதிக் காட்ட வேண்டும்.

இரண்டாவது, ஓபன்ஏபிஐ விவரணை. உங்களிடம் ஏற்கெனவே ஒரு உள்ளக ஏபிஐ இருந்து, அதற்கு விவரணையும் இருந்தால் இது இலவசம் மாதிரி தோன்றும். அப்படியே ஏஜென்டிடம் நீட்டினால், அது படிக்கத் தேவையில்லாத நூறு விஷயங்களையும் சேர்த்துப் படிக்கும். தேடலுக்கு வேண்டிய நாலைந்து அழைப்புகளை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்தால் பரவாயில்லை. அதைச் செய்ய உட்காரும் நேரத்தில் மூன்றாவது வழிக்கே போய்விடலாம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, எம்சிபி. ஏஜென்டை வெளி டூல்களோடு இணைக்க ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை. ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல். ஏஜென்ட் பெரும்பாலும் பார்ப்பது இவ்வளவுதான். உங்கள் விக்கியில் இருக்கும் பக்கங்களை அது திறந்து பார்க்கப் போவதில்லை. ஆகவே அந்த விளக்கம்தான் முழு ஆவணமும். "ரெஜிஸ்ட்ரியில் இமேஜைத் தேடும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஒரு ரெப்பாசிட்டரியில் உள்ள டேக்குகளை, பதிவேற்றிய நேரப்படி புதியது முதலில் வருமாறு, 20 வரை தரும். எதையும் மாற்றாது. ரெப்பாசிட்டரியின் முழுப்பெயர் தெரியாவிட்டால் முதலில் பெயர் தேடும் டூலை அழைக்கவும். முகவரியை ஊகிக்க வேண்டாம். பதில் காலியாக வந்தால் டேக் இல்லை என்று பொருள்; அனுமதி இல்லையென்றால் தனிப் பிழையாக வரும்."

இதில் 'புதியது முதலில்' என்ற இரண்டு சொற்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். ரெஜிஸ்ட்ரிகளுக்கான ஓசிஐ பொது விதிமுறைப்படி டேக் பட்டியல் அகரவரிசையில் வரும். அகரவரிசையில் 1.10 முன்னால் நிற்கும், 1.9 பின்னால். கடைசியில் இருப்பதுதான் புதியது என்று எடுத்துக்கொண்டால் ஏஜென்ட் பழைய இமேஜைத் துணிச்சலாகச் சொல்லிவிடும். அந்தப் பட்டியலில் தேதியும் இருக்காது. இசிஆரும் ஆர்ட்டிஃபாக்ட் ரெஜிஸ்ட்ரியும் தங்கள் சொந்த ஏபிஐ வழியாகப் பதிவேற்றிய நேரத்தைத் தருகின்றன. வரிசைப்படுத்தும் வேலையை டூலுக்குள்ளேயே முடித்துவிடுங்கள், மாடலிடம் விடாதீர்கள். 'லேட்டஸ்ட்' என்ற டேக்கும் வெறும் பெயர்தான். புதிய இமேஜை வேறு டேக்கில் ஏற்றினால் 'லேட்டஸ்ட்' பழைய இமேஜிலேயே நிற்கும். பதிலில் டேக்கோடு ஷா-256 டைஜஸ்டையும் கொடுத்தால்தான் எந்த இமேஜ் என்று உறுதியாகும்.

அனுமதி விஷயமும் அப்படித்தான். டாக்கர் ஹப்பில் இல்லாத ரெப்பாசிட்டரியைக் கேட்டாலும், பூட்டிய ரெப்பாசிட்டரியைக் கேட்டாலும் வருகிற பிழை ஒன்றுதான்: அது இல்லாமல் இருக்கலாம், அல்லது லாகின் தேவைப்படலாம். மனிதர் லாகின் செய்து பார்ப்பார். ஏஜென்ட், "அப்படியொரு இமேஜ் இல்லை" என்று அறிக்கை கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். இசிஆரின் லாகின் டோக்கன் 12 மணி நேரம்தான் செல்லும் என்பதால், காலையில் சரியாக நடந்தது இரவில் தடுக்கப்படலாம். இதைப் பற்றியும் விளக்கத்தில் ஒரு வரி சேருங்கள்.

எந்த கிளவுட் என்பதைப் பொறுத்தும் எழுத்து மாறும். அமேசான், கூகுள் இரண்டின் இயல்பான முகவரியிலும் ரீஜியன் இருக்கும். ஆகவே எது மும்பை, எது ஹைதராபாத், எது டெல்லி என்று சொல்லி வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அஷூரில் வழக்கமாக ரெஜிஸ்ட்ரியின் பெயரே முகவரி. அங்கே அந்தப் பெயரை மட்டும் துல்லியமாகக் கொடுத்தால் போதும்.

எந்த மொழியில் எழுதுவது என்றும் கேட்பார்கள். குழு வங்காளத்திலும் இந்தியிலும் தமிழிலும் பேசிக்கொள்ளலாம். டூல் விளக்கத்தை ஆங்கிலத்திலேயே வையுங்கள். நம் எழுத்துகளை மாடல்கள் பெரும்பாலும் அதிகத் துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன. ஒவ்வொரு அழைப்பிலும் கூடவே போகிற உரைக்கு அது வீண் செலவு.

சின்னக் குழு, ஒரே கிளவுட், ஷெல் ஓட்டத் தெரிந்த ஏஜென்ட் என்றால் முதல் வழியே போதும். எம்சிபி சர்வரைப் பராமரிக்க ஆள் தேட வேண்டாம். இரண்டு கிளவுட்களில் இமேஜ் வைத்திருப்பவர்களும், பல குழுக்கள் ஒரே ஏஜென்டைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் எம்சிபிக்குப் போகலாம். ஓபன்ஏபிஐயை இதற்கென்றே புதிதாக எழுத வேண்டாம்.

எந்த வழி என்றாலும், ஏஜென்டுக்குக் கொடுக்கும் கணக்கில் வாசிக்கும் அனுமதி மட்டும் இருக்கட்டும். எம்சிபியில் 'வாசிக்க மட்டும்' என்று டூலுக்குக் குறியிடலாம். ஆனால் அந்த நெறிமுறையின்படியே அது வெறும் குறிப்புதான், எதையும் தடுக்காது.