இடப்பக்கம் காலியாக இருக்கட்டும்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பிளஸ் டூ பிள்ளைகள் மடிக்கணினிப் பையோடு என் டைப்பிங் சென்டருக்கு வர ஆரம்பித்தார்கள். பாடத்தில் சந்தேகம் கேட்பதெல்லாம் பிறகுதான். முதலில் வருவது பெரும்பாலும் இந்தக் கேள்வி: "அக்கா, இந்த வால்பேப்பரை எடுத்துட்டு எங்க வீட்டு போட்டோவை வெச்சுக்கலாமா?"

இதைச் சின்ன ஆசை என்று நான் ஒதுக்கியதே இல்லை. அந்த வீடுகளில் பலவற்றுக்கு அதுதான் முதல் கணினி. மவுஸைத் தொடவே தயங்கும் பிள்ளை, தன் படத்தைத் திரையில் கொண்டுவர வேண்டும் என்றால் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும். போனிலிருந்து படத்தைக் காப்பி செய்ய வேண்டும், ஃபோல்டர் போட்டுப் பெயர் வைக்க வேண்டும், பிரவுஸ் செய்து அதைத் தேட வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இன்றும் என் முதல் பாடம் வால்பேப்பர் மாற்றுவதுதான்.

அன்று வந்த சில மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு இருந்தது. குறைந்த விலை நெட்புக்குகளுக்காகச் சுருக்கப்பட்ட அந்தப் பதிப்பில் பின்னணிப் படத்தை மாற்றும் வசதியே கிடையாது. பிள்ளைகளின் முகம் வாடிவிடும். மடிக்கணினியை அணைத்து மீண்டும் போட்டு, அதிலேயே கூடுதலாக இருந்த பாஸ் லினக்ஸைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். அது சி-டாக் உருவாக்கிய இந்திய இயங்குதளம். அதில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்தால் போதும், படம் மாறிவிடும். லினக்ஸ் என்ற பெயரையே கேட்டிராத பெண்கள் தங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியின் படத்தை வைப்பதற்காக லினக்ஸுக்குள் போனார்கள். சிலர் அங்கேயே தட்டச்சும் பழகினார்கள். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பென்டிரைவில் இருக்கும் படத்தை அப்படியே வைக்காதீர்கள், முதலில் மடிக்கணினிக்குள் காப்பி செய்யுங்கள். பென்டிரைவைப் பிடுங்கிய பின் கணினி அந்தப் படத்தை எங்கே போய்த் தேடும்?

விண்டோஸ் 10, 11-இல் வழி எளிது. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், பர்சனலைஸ், பேக்ரவுண்ட், பிரவுஸ், அவ்வளவுதான். கஷ்டம் படத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையைப் பொறித்து வைத்த சுவர். 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் வார்டுகளிலிருந்து, ஓலை எடுத்து வாரியத்துக்கு ஆள் தேர்ந்த விதியெல்லாம் அதில் இருக்கிறது. ஊரே பெருமைப்படும் சுவர்தான். ஆனால் அதை நெருக்கமாக எடுத்து வால்பேப்பராக வைத்தால் ஒரு ஐகானின் பெயரையும் படிக்க முடியாது. எழுத்தின் மேல் எழுத்து ஏறிக் கண்ணைக் குழப்பும். அதனால் கல்வெட்டு வரிகள் படத்தின் வலப்பக்கம் வரும்படி, இடப்பக்கம் நிழலோ வெறும் கல்லோ இருக்கும்படி எடுக்கச் சொல்கிறேன். நேரம் காலையோ மாலையோ, வெயில் சுவர்மேல் சாய்ந்து விழும்போது இருக்கட்டும். அப்போதுதான் எழுத்துப் பள்ளங்களில் நிழல் தேங்கி வரிகள் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எடுத்தால் கல் மட்டும்தான் தெரியும்.

ஐகான்கள் இடது மேல் மூலையிலிருந்து கீழ்நோக்கி வரிசை கட்டும். எனவே எந்தப் படமானாலும் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நிரம்பிய ஏரி, வேடந்தாங்கல் வானம், கதிர் வராத நெல்வயல் எல்லாமே இதற்குப் பொருந்தும். பறவையோ, ஆளோ, கோபுரமோ வலப்பக்கம் நிற்கட்டும்.

விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சை மேட்டை நினைவிருக்கிறதா? 1996-இல் கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில் சார்லஸ் ஓ'ரியர் சாலையோரம் நின்று எடுத்த படம் அது. அங்கே இருந்த திராட்சைக் கொடிகளைப் பூச்சி தாக்கியதால் வேரோடு அகற்றிவிட்டார்கள், அதனால்தான் வெறும் புல்லாக இருந்தது. பூச்சியடித்த வயலைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தப் பச்சைக்குப் பின்னால் ஒரு விவசாயியின் நஷ்டம் இருப்பது தெரிந்தபோது மனசு கனத்தது. மேலே நீலம், கீழே பச்சை, வேறெதுவும் இல்லை. எந்த ஐகானை எங்கே வைத்தாலும் அதில் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது அளவு. போனில் எடுக்கும் படம் பெரும்பாலும் 4000-க்கு 3000 புள்ளிகள். பழைய மடிக்கணினித் திரையோ 1366-க்கு 768. 'ஃபில்' கொடுத்தால் மேலும் கீழுமாகச் சேர்த்துக் கால்பங்கு படம் வெட்டுப்படும், கோபுரத்தின் கலசம் போய்விடும். 'ஃபிட்' கொடுத்தால் இரு பக்கமும் பட்டை விழும். 'ஸ்ட்ரெட்ச்' வேண்டவே வேண்டாம், அம்மாவின் முகம் அகலமாகிவிடும். போனைப் படுக்கவைத்து, கேமரா செட்டிங்கில் 16:9 தேர்ந்தெடுத்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிக் கலங்கும். டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் கேபிள் போட்டு எடுங்கள்.

"வால்பேப்பர் வெச்சா சிஸ்டம் ஸ்லோ ஆயிடுமா?" என்று கேட்பார்கள். 1366-க்கு 768 திரைக்கு ஒரு படம் நினைவகத்தில் எடுத்துக்கொள்வது சுமார் 4 எம்பிதான். அசையும் வால்பேப்பர்கள்தான் பழைய கணினியைத் திணறடிக்கும். இலவச வால்பேப்பர் என்று டவுன்லோடு செய்தது .எக்ஸ்இ என்று முடிந்தால் திறக்காதீர்கள். அது படமே அல்ல.

தட்டச்சு பழகுபவர்களுக்கு நானே வைத்துக் கொடுப்பது தமிழ்99 விசைப்பலகைப் படம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், அதிகம் வரும் மெய்கள் வலக்கைப் பக்கம் என்பது பார்க்கப் பார்க்கப் பதியும். வேர்டு திறந்திருந்தால் விண்டோஸ் விசையோடு டி-யை அழுத்தினால் போதும், படம் முன்னால் வரும். மறுபடி அழுத்தினால் வேலைக்குத் திரும்பலாம்.

எந்தப் படம் வைத்தாலும் அதை மறைக்கும் அளவுக்கு ஃபைல்கள் நிரம்பிய டெஸ்க்டாப்பைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும். பொது சென்டர்களில் அந்தக் குவியல் பெரும்பாலும் பிறருடைய ஆதார், பட்டா, மதிப்பெண் சான்றிதழ் ஸ்கேன்கள்தான். அடுத்து உட்காருபவர் யாராக இருந்தாலும் அவற்றைத் திறந்து பார்க்கலாம். எங்கே ஸ்கேன் எடுத்தாலும், வேலை முடிந்ததும் உங்கள் ஃபைலை அழிக்கச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லி, செய்யும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். என் சென்டரில் கேட்காமலேயே செய்து காட்டுகிறேன்.