செப்புக் காசு சொல்லும் கதை

15ஆம் நூற்றாண்டில் லிஸ்பன் நகரச் சந்தைக்கு ரொட்டியும் மீனும் வாங்கச் சென்ற எளிய மக்களின் கையில் பொற்காசுகள் புழங்கவில்லை. அவர்கள் அன்றாடம் பயன்படுத்தியவை ‘செயித்தில்’ எனப்பட்ட சிறிய செப்புக் காசுகளே. ஆறு செயித்தில்கள் சேர்ந்தால் ஒரு ‘ரெயால்’ ஆகும்.

அதற்கு முன்னர், போர்த்துகல் நாட்டில் சில்லறையாகப் புழங்கியவை வெள்ளியும் செம்பும் கலந்த காசுகள். 1383ஆம் ஆண்டு அரியணைக்கு வாரிசு யார் என்னும் சிக்கல் எழுந்தது. அதனால் அண்டை நாடான காஸ்திலுடன் போர் மூண்டது. போர்ச் செலவை ஈடுகட்ட, மன்னர் முதலாம் ஜுவாவின் ஆட்சியில் காசுகளில் வெள்ளியின் அளவு குறைக்கப்பட்டது; செம்பின் அளவு கூட்டப்பட்டது. விளைவாகக் காசின் மதிப்பு சரிந்தது. பொருள்களின் விலை ஏறியது. கூலி வாங்கியவர் முன்பு பெற்ற அதே எண்ணிக்கையில் காசுகளைப் பெற்றாலும், அவற்றைக் கொண்டு முன்பு வாங்கிய அளவு பொருளை வாங்க இயலவில்லை. அரசின் போர்ச் செலவில் ஒரு பங்கை ஏழைகளின் பணப்பை சுமந்தது எனலாம்.

ஐந்தாம் அபோன்சோ மன்னரின் ஆட்சியில் (1438–1481) செயித்தில் பெருமளவில் புழங்கியது. அது செப்புக் காசு என்பது பார்த்தவுடனே தெரியும். வெள்ளி எவ்வளவு கலந்துள்ளது என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. அதன் ஒரு பக்கத்தில் கடலோரத்தில் எழுந்து நிற்கும் மூன்று கோபுரக் கோட்டையும், மறுபக்கத்தில் போர்த்துகலின் கேடயச் சின்னமும் இருந்தன. 1415இல் போர்த்துகீசியர் கைப்பற்றிய வட ஆப்பிரிக்கத் துறைமுகமான செயூத்தாவின் பெயரே இக்காசுக்கு வந்தது என்பது மரபுவழிக் கருத்து.

செப்புத் தகட்டை இரண்டு அச்சுகளுக்கு இடையே வைத்துச் சுத்தியலால் அடித்து இக்காசுகளை உருவாக்கினர். ஆதலால், ஒன்றைப் போல் மற்றொன்று அமையவில்லை. காசில் ஆண்டும் பொறிக்கப்படவில்லை. ஓரத்தில் எழுதப்பட்ட மன்னரின் பெயரைக் கொண்டே ஆய்வாளர்கள் அதன் காலத்தைக் கணிக்கின்றனர்.

1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், இவ்வட்டாரத்தில் கிடைத்த வெள்ளீயத்தைக் கொண்டு இங்கும் காசு அடித்தனர். உலோகம் மாறினாலும் சில்லறையின் தேவை மாறவில்லை.

பயனற்ற பொருளைச் ‘சல்லிக்காசு பெறாது’ என்று நாம் சொல்வதுபோல், போர்த்துகீசியரும் ‘ஒரு செயித்தில்கூடப் பெறாது’ என்பர். ஆனால், அந்தச் சிறு காசுதான் ஏழையின் அடுப்பை எரியச் செய்தது. காசின் மதிப்பைக் காப்பது அரசின் கடமை. அது தவறினால் முதலில் வாடுபவர் எளியவரே.