50 விழுக்காடு என்றால் எத்தனை பேர்?

எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் கணித வகுப்பு நடக்கும். போன மாதம் படிவம் 5 தம்பி ஒருவன் ஒரு கல்லூரி விளம்பரத் தாளைக் கொண்டு வந்தான். "அண்ணே, இந்தத் துறையில வேலை 50 விழுக்காடு கூடியிருக்காம். அப்பா கடன் வாங்கியாச்சும் சேர்த்து விடுறேன்னு சொல்லிட்டாரு."

தாளில் இரண்டு பட்டைகள். இரண்டாவது பட்டை முதலாவதைப் போல மூன்று மடங்கு உயரம். நெடுக்கு அச்சில் ஓர் எண்கூட இல்லை. அன்றைய பாடத்தை மூடி வைத்துவிட்டு இதையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

விழுக்காட்டு மாற்றம் என்பது கூடியதைப் பழைய எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்குவது. 20 வேலை 30 ஆனாலும் 50 விழுக்காடுதான், 20,000 வேலை 30,000 ஆனாலும் 50 விழுக்காடுதான். முதலில் 10 பேருக்கு வேலை, அடுத்ததில் 10,000 பேருக்கு. பழைய எண்ணைச் சொல்லாத விழுக்காட்டை வைத்து ஒன்றுமே முடிவு செய்ய முடியாதுங்க.

உண்மையான எண்களில் பார்ப்போம். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. நம் புள்ளிவிவரத் துறை அப்போது வெளியிட்ட கணக்குப்படி வேலையில்லாதவர்கள் மார்ச்சில் 610,500, ஏப்ரலில் 778,800, மே மாதத்தில் 826,100, ஜூனில் 773,200, ஜூலையில் 745,100 பேர். வேலையின்மை விகிதம் மார்ச்சில் 3.9, ஏப்ரலில் 5.0.

"அப்போ 1.1 விழுக்காடுதானே கூடியிருக்கு?" என்றாள் ஒரு தங்கை. பலரும் வழுக்கி விழும் இடம் இது. அது 1.1 விழுக்காட்டுப் புள்ளி. ஆட்களின் எண்ணிக்கையைக் கணக்குப் போடுங்கள்: 168,300ஐ 610,500ஆல் வகுத்தால் ஏறக்குறைய 27.6 விழுக்காடு உயர்வு. இரண்டும் உண்மை. எதைத் தலைப்பில் போடுவது என்பது எழுதுகிறவர் கையில் இருக்கிறது.

இன்னொன்று. மார்ச்சிலிருந்து மே வரை 35.3 விழுக்காடு ஏறியது. பழைய இடத்துக்கே திரும்ப எவ்வளவு இறங்க வேண்டும்? எல்லாரும் 35.3 என்றார்கள். விடை 26.1. ஏறும்போது 610,500ஆல் வகுக்கிறோம், இறங்கும்போது 826,100ஆல்.

பிறகு கிராஃப் தாள். ஒரு குழு நெடுக்கு அச்சைச் சுழியத்தில் தொடங்கி, 1 செ.மீ.க்கு 100,000 பேர் என்று வரைந்தது. மார்ச் பட்டை 6.1 செ.மீ., மே 8.3 செ.மீ. அடுத்த குழு 600,000இல் தொடங்கி, 1 செ.மீ.க்கு 20,000 பேர் என்று வரைந்தது. மார்ச் அரை செ.மீ., மே 11.3 செ.மீ.! அதே எண்கள்தான். ஆனால் மே மாதம் மார்ச்சைப் போல இருபது மடங்குக்கு மேல் தெரிகிறது. கோட்டு வரைபடத்தில் அச்சை இடையில் தொடங்குவது சில சமயம் தேவைதான், சிறிய மாற்றம் அப்போதுதான் கண்ணில் படும். பட்டையில் மட்டும் கூடாது, ஏனென்றால் அங்கே நாம் உயரத்தைத்தான் ஒப்பிடுகிறோம்.

இப்போது அந்தத் தம்பியின் தாளுக்கு வருவோம். பழையது 100 என்றால் புதியது 150. பட்டைகள் 2:3 விகிதத்தில் இருக்க வேண்டும், தாளில் 1:3 இருக்கிறது. அச்சு எந்த எண்ணில் தொடங்கியிருக்கும்? அதை க என்போம். 150 − க = 3 × (100 − க). தம்பி தானே போட்டுப் பார்த்தான், க = 75. முக்கால் பட்டையை வெட்டிவிட்டுத்தான் மிச்சத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "படிப்பு மோசம்னு அர்த்தமாண்ணே?" என்றான். அது இந்தக் கணக்கில் தெரியாது என்றேன். எத்தனை வேலையிலிருந்து எத்தனை வேலை ஆனது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, யார் எடுத்த கணக்கு என்று மூன்று கேள்விகளைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். திங்கட்கிழமை அப்பாவோடு கல்லூரிக்குப் போய்க் கேட்கப் போகிறானாம்.