மேகம் வேறு, பூஜ்யம் வேறு

கேள்வி: நான் பண்ணைக்காட்டில் பள்ளி ஆசிரியர். பார்வை இல்லை. பிள்ளைகளைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப்போகுமுன், சூரியக் கரும்புள்ளிகளின் அட்டவணையைப் படித்துவிட நினைத்தேன். திரைவாசிப்பு மென்பொருளான என்விடிஏ ஒவ்வொரு எண்ணாக வாசிக்கிறது. இருபதாவது எண் வருவதற்குள் முதல் எண் மறந்துபோகிறது. "அலை மாதிரி ஏறி இறங்குது சார்" என்கிறார்கள் பிள்ளைகள். அந்த அலையை நான் எப்படி அறிவது?

பதில்: கேட்டு அறியலாம் சார். எனக்கும் பார்வை இல்லை. இதே அட்டவணையில் நானும் திணறியவன்தான்.

ஒவ்வொரு எண்ணையும் ஓர் ஒலியாக மாற்ற வேண்டும். எண் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். ஆண்டுக்குக் கால் விநாடி வைத்தால், நூறு ஆண்டுக் கணக்கு 25 விநாடியில் ஓடிவிடும். ஹைசாஃப்ட் நிறுவனமும் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஹைசார்ட்ஸ் சோனிஃபிகேஷன் ஸ்டூடியோ இதை இலவசமாகச் செய்கிறது. மாணவியாக இருந்தபோதே பார்வையை இழந்த வாண்டா டியாஸ் மெர்செட் இப்படி விண்வெளித் தரவுகளைக் காதால் ஆராய்ந்துதான் வானியலாளராகத் தொடர்ந்தார்.

பெல்ஜியத்தின் அரச வானாய்வகம் தரும் ஆண்டுச் சராசரியை ஓடவிட்டேன். 2008-இல் 4.2, கீழ் ஸ்தாயியில் ஒரு முனகல். 2010-இல் 24.9; மறு ஆண்டே 80.8. வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் பேருந்து கியர் மாற்றி உறுமுவது போல இருந்தது. 2014-இல் 113.3 வரை ஏறி, 2019-இல் 3.6-க்கு அடங்கியது. பழைய கணக்கையும் சேர்த்து ஓட்டியபோது 1957-இன் 269.3 வந்தது, காது கூசிவிட்டது. பதினோரு ஆண்டுச் சுழற்சி என்று பாடப்புத்தகத்தில் படித்தது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஒலி வடிவத்தைச் சொல்லும், எண்ணைச் சொல்லாது. எண்ணுக்கு என்விடிஏவிடம்தான் திரும்ப வேண்டும். எக்செலில் தலைப்பு வரிசையின் முதல் கட்டத்தில் நின்று என்விடிஏ விசை, ஷிஃப்ட், சி மூன்றையும் அழுத்துங்கள். பிறகு நெடுவரிசை மாறும்போதெல்லாம் தலைப்பையும் சொல்லும். இணைத்த கட்டங்கள் இருந்தால் முதலில் பிரித்துவிடுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். மழைக்காலத்தில் மேகம் மூடினால் அன்றைக்குப் படம் இல்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். யாராவது அதில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டால், நம் காதுக்குக் 'கரும்புள்ளியே இல்லாத சூரியன்' என்று கேட்கும். இப்படித்தான் ஒருமுறை ஒரு மழைக் கணக்கைக் கேட்டு, ஒரு மாதம் முழுக்க வறட்சி என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். உண்மையில் அந்த மாதம் மழைமானியை யாரும் பார்க்கவே இல்லை. காலிக் கட்டங்களைப் பூஜ்யத்தால் நிரப்பியிருந்தார்கள்.

ஆகவே அட்டவணை தருபவரிடம் முதலில் கேளுங்கள்: அளக்காத நாளுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? பூஜ்யம் என்றால் அழித்துத் தரச் சொல்லுங்கள். அங்கே சுருதி வேண்டாம். மௌனமாக இருக்கட்டும், அல்லது மேசையைத் தட்டுவது போல ஒரு 'டொக்'.